மாமாவின் தகரப் பெட்டியில் இருந்த மூன்றாவது காப்பி

தம்பி,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க இதை எழுதவில்லை. நீ நன்றாகத்தான் இருக்கிறாய். மூன்று வாரத்தில் கல்யாணம், கையில் நல்ல வேலை, போன வாரம் வந்தபோது ஒரு சுற்று பெருத்தும் இருந்தாய். எனக்கு உன் மேல் கோபம். வெள்ளையடிக்க வசதியாக பீரோவை நகர்த்தித் தருகிறேன் என்று உள்ளே போனவன், அதன் அடித்தட்டில் பழைய புடவைக்குள் சுற்றி வைத்திருந்த ஃப்ளாப்பிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். நான் அடுப்படியில் இருந்தேன். போரூர் போய்ச் சேர்ந்த பிறகு போனில் சொல்கிறாய்: "அம்மா, ரிச்சி ஸ்ட்ரீட்ல பழைய டிரைவ் ஒண்ணு கிடைச்சுது. ஞாயித்துக்கிழமை உக்காந்து எல்லாத்தையும் லேப்டாப்புக்கு மாத்திடறேன். மாமாவையும் வரச் சொல்லிட்டேன். அவரும் அந்தக் கம்பெனியில இருந்தவருதானே, அவர் பேரு இருந்தாலும் இருக்கும்." இருந்தாலும் இருக்கும் இல்லை, இருக்கிறது. ஒன்பதாவது வரியில் இருக்கிறது. அந்தப் பெட்டியை நீ திறப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடு என்பதற்காகத்தான், வாட்ஸப்பில் தட்டாமல், கை வலிக்க வலிக்க எழுதிக் கூரியரில் அனுப்புகிறேன்.

உன் வேலை என்ன என்று கேட்கிற சொந்தக்காரர்களிடம், ஒரு கம்பெனியின் கணக்கு வழக்கெல்லாம் பழைய மெஷினிலிருந்து புது மெஷினுக்கு மாற்றிக் கொடுக்கிற வேலை என்று சொல்லி வைத்திருக்கிறேன். உன் அத்தை அதைக் கேட்டுவிட்டு, "லாரி வெச்சிக்கீறானா?" என்றாள். உனக்குச் சிரிப்பு. உனக்கு எல்லாமே சிரிப்புதான், ஏனென்றால் உன் உலகத்தில் எதுவும் தொலைவதில்லை. எல்லாவற்றுக்கும் மூன்று காப்பி இருக்கிறது என்று பெருமையாகச் சொல்வாய். அந்த மூன்று காப்பிப் பாடத்தை நீ பிறப்பதற்கு முன்பே நான் படித்தேன். காஞ்சிபுரத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுத்த வாத்தியார் அந்த மூன்றுக்கும் தாத்தா, அப்பா, மகன் என்று பெயர் வைத்திருந்தார். இந்த வாரம் எடுத்தது மகன், போன வாரத்தது அப்பா, அதற்கும் முந்தினது தாத்தா. அடுத்த சனிக்கிழமை தாத்தாவை அழித்து அதன் மேலேயே புதிதாக எடுத்தால் அது மகன் ஆகிவிடும். மூன்றையும் ஒரே இடத்தில் வைக்காதே, ஒன்று வேறு கட்டடத்தில் இருக்கட்டும் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் அதை நோட்டில் அடிக்கோடு போட்டு எழுதி வைத்தேன்.

அந்தப் படிப்புக்கு என்னை அனுப்பியவர் உன் மாமா. எங்கள் அப்பா போய்ச் சேர்ந்த பிறகு பிள்ளைப்பாக்கம் வீட்டில் ஆண் என்று இருந்தது அவர் ஒருவர்தான். தினமும் என்னைச் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து ஸ்ரீபெரும்புதூர் வரை மிதித்துக் கொண்டுவந்து காஞ்சிபுரம் பஸ் ஏற்றிவிட்டு, அங்கிருந்து வேலைக்குப் போவார். ஹைரோட்டில் பம்புக்கு வார்ப்பு ஊற்றுகிற கம்பெனி, அதில் அவர் கான்ட்ராக்ட் ஆள். அங்கே கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறார்கள், தட்டத் தெரிந்த பெண் வேண்டும் என்று பேச்சு காதில் விழுந்ததும், வார்ப்பு மண் அப்பிய சட்டையோடு பர்சனல் ஆபீசர் முன்னால் போய் நின்று, "என் தங்கச்சி படிச்சிகீது சார்" என்று சொன்னவர் அவர்தான். இன்று இந்தத் தடத்தில் கார் கம்பெனியும் கண்ணாடிக் கம்பெனியும் கணக்கில்லாமல் நிற்கின்றன. அன்று இருங்காட்டுக்கோட்டையில் முள்ளு, ஒரகடத்தில் வயல். ஒரு கம்பெனியில் கால் வைப்பது என்றால் பெரிய விஷயம்.

அது 1991. அந்த வருடம் எங்கள் ஊர்ப் பெயர் எதற்காக உலகம் முழுக்க அடிபட்டது என்று உனக்குத் தெரியும். அதைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. எனக்கு அந்த வருடம் வேறு. ஒரு ஏசி ரூம், வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், நடுவில் ஒரு கம்ப்யூட்டர், அதற்கு நான். கேட்டில் ஆட்கள் போடுகிற வருகை அட்டைகளைப் பார்த்து யார் எத்தனை நாள் வந்தார்கள் என்று ஏற்றுவது என் வேலை. முந்தின இரண்டு வருடத்து அட்டைகளையும் வந்த புதிதில் நானேதான் ஏற்றினேன். மாதம் முடிந்து ஏற்றியாகிவிட்டால் அட்டைகளைக் கட்டிக் காயலான் கடைக்குப் போட்டுவிடுவார்கள். கம்ப்யூட்டரில்தான் இருக்கிறதே, அட்டை எதற்கு என்று பர்சனல் ஆபீசர் சொல்லிவிட்டார். கான்ட்ராக்ட் ஆட்களுக்கு ஆர்டர் கிடையாது, ஐடி கிடையாது. அவர்கள் அங்கே வேலை செய்தார்கள் என்பதற்கு நான் ஏற்றிய அந்த வரிகளைத் தவிர வேறு எதுவும் இல்லை.

அந்த வரிகளின் மதிப்பு உனக்குப் புரிய வேண்டும். இரண்டு வருடத்துக்குள் நானூற்று எண்பது நாள் வேலை பார்த்துவிட்டால் அந்த ஆளை நிரந்தரம் ஆக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. மாமாவோடு சேர்த்துப் பதினான்கு பேர் அதைத் தாண்டிவிட்டதாகச் சொன்னார்கள். லேபர் ஆபீசில் மனு கொடுத்திருந்தார்கள். பூஜை லீவு முடிந்ததும் அவர்களுடைய நாள் கணக்கைப் பட்டியலாக அச்சடித்துத் தர வேண்டும் என்று எனக்கு உத்தரவு வந்தது. சைக்கிளில் போகும்போது மாமா அதைப் பற்றிப் பேசவே மாட்டார், ஆனால் அந்த நாட்களில் பெடல் மிதிக்கிற வேகமே வேறாக இருந்தது.

மூன்றாவது பெட்டியைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு காப்பிக்கு ஒரு பெட்டி ஃப்ளாப்பி. வாத்தியார் சொன்னபடி ஒரு காப்பியை வேறு கட்டடத்தில் வைக்கலாமா என்று ஆபீசரிடம் கேட்டேன். "கம்பெனியே எரிஞ்சிபோனா அப்புறம் ஃப்ளாப்பிய வெச்சினு நாக்கு வழிக்கவா?" என்றார். எனக்கு ரோஷம். படித்த படிப்பை மதிக்கவில்லை என்று நானே சனிக்கிழமைதோறும் தாத்தா பெட்டியை டிபன் கேரியருக்கு அடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோக ஆரம்பித்தேன். ஆபீஸ் பெண்களின் பையைக் கேட்டில் யாரும் சோதிப்பதில்லை. வெளியே வந்ததும் பை மாமாவின் சைக்கிள் ஹேண்டில்பாரில் தொங்கும். முதல் தடவையே கேட்டுவிட்டார்.

"இதுல இன்னா பாப்பா கீது?"

"எல்லாரு கணக்கும்ணா. அங்க கெட்டுப்போனா இது இருக்கும்."

"அப்ப பத்திரமா வெக்கணும்" என்று சொல்லி, தன்னுடைய தகரப் பெட்டியில் வேட்டிக்கு அடியில் வைத்துப் பூட்டினார். சாவி அவர் அரைஞாண் கயிற்றில். அடுத்த சனிக்கிழமை வேறு பெட்டி உள்ளே போகும், அது வெளியே வரும். இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

ஆயுத பூஜை வந்தது. ஒவ்வொரு செக்‌ஷனும் தன் கருவிகளைக் கழுவித் துடைத்துச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தது. வார்ப்புக்காரர்கள் கரண்டியை வைத்தார்கள், ஃபிட்டர்கள் ஸ்பேனரை வைத்தார்கள். என் கருவி எது? கம்ப்யூட்டரைத் தூக்க முடியாது, அதற்கு ஒரு மாலை போட்டு, சுற்றிலும் சீரியல் லைட் கட்டினேன். லைட்டின் ஒயரை கம்ப்யூட்டர் சொருகியிருந்த அதே பலகையில் சொருகினேன். பிறகு மகன், அப்பா இரண்டு பெட்டிகளையும் தாம்பாளத்தில் பரப்பி, ஒவ்வொரு ஃப்ளாப்பியையும் உறையிலிருந்து எடுத்து, பக்தியாக, ஒன்று விடாமல் சந்தனம் குங்குமம் வைத்தேன். ஃப்ளாப்பியில் கறுப்பு அட்டையைத் தாண்டி உள்ளே தகடு தெரிகிற ஒரு நீள ஓட்டை இருக்கும், நீ பார்த்திருப்பாய். பொட்டு வைக்க அதுதான் எனக்குத் தோதாகத் தெரிந்தது. ஆபீசர் வந்து பார்த்துவிட்டு, "பலே, உன் செக்‌ஷன்தான் லட்சணமாக் கீது" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் விஜயதசமி லீவு. அதற்கு மறுநாள் போய் ஸ்விட்ச் போட்டால் கம்ப்யூட்டர் கரகர என்று சத்தம் போட்டு நின்றுவிட்டது. லைட் ஒயரில் ஏதோ கோளாறாகி உள்ளே இருந்த டிஸ்க் போய்விட்டது என்றார் மெட்ராஸிலிருந்து வந்த எஞ்சினியர். புது டிஸ்க் மாட்டிவிட்டு, காப்பியிலிருந்து ஏற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். நான் மகன் பெட்டியிலிருந்து முதல் ஃப்ளாப்பியைச் செருகினேன். டிரைவ் முனகியது, படிக்க முடியவில்லை என்று திரையில் வந்தது. இரண்டாவதைச் செருகினேன். மூன்றாவது. பயம் பிடித்துக்கொண்டது. அப்பா பெட்டியைத் திறந்து அதையும் ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்து முடித்தேன். எஞ்சினியர் திரும்பி வந்து டிரைவைக் கழற்றினார். படிக்கிற முனையில் காய்ந்த சந்தனம் உப்புத்தாள் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. நான் செருகிய ஒவ்வொன்றையும் அது சுரண்டித் தள்ளியிருக்கிறது. முதல் ஒன்று முனகியதுமே நிறுத்தியிருந்தால் மற்றதைத் துடைத்துக் காப்பாற்றியிருக்கலாம் என்றார் அந்த மனிதர். அவர் திட்டக்கூட இல்லை. உன் தொழிலுக்கு நான் சொல்ல முடிந்த ஒரே புத்தி அதுதான். ஒன்று கெட்டால் கையை எடு, அவசரத்தில் அடுத்ததைச் செருகாதே.

அதுவரை நடந்தது தெரியாமல் செய்த தப்பு. அதற்கு நான் இத்தனை வருடம் மருகியிருக்க மாட்டேன். அன்று சாயங்காலம் பதினான்கு பேரையும் கேண்டீனுக்கு வரச் சொன்னார் ஆபீசர். என்னையும் கூப்பிட்டார். நடந்ததைச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, இவுங்க எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லு. வேற எங்கனா காப்பி கீதா?"

மாமா மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அரைஞாண் கயிற்றில் சாவி இருந்தது. நான், "இல்ல சார்" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று உன்னிடம் நியாயம் பேசலாம். அந்த மாதம்தான் ஒரு ஃபிட்டரை, டிபன் பாக்ஸில் இரண்டு போல்ட்டு எடுத்துப் போனார் என்று வேலையை விட்டு அனுப்பியிருந்தார்கள். கம்பெனி ஃப்ளாப்பி என் வீட்டில் இருக்கிறது என்று சொன்னால் எனக்கும் அதே கதி என்று பயந்தேன். அது பாதி உண்மை. மீதியையும் சொல்லிவிடுகிறேன், வயதாகிவிட்டது, இனி யாருக்காக மறைப்பது. அந்தக் கேள்வியைக் கேட்கும்போதே, இல்லை என்ற பதில்தான் ஆபீசருக்கு வேண்டியிருந்தது என்று அவர் முகத்தில் தெரிந்தது. என் ப்ரொபேஷன் முடிய இன்னும் ஒரு மாதம் இருந்தது. அவரைச் சந்தோஷப்படுத்தினால் எனக்கு நல்லது என்று என் மூளை அந்த நிமிடத்திலும் வேலை செய்தது. பயத்தில் வாய் தவறியிருந்தால் மறுநாள் போய்ச் சொல்லியிருக்கலாம். மறுநாள் இருந்தது, அதற்கு மறுநாளும் இருந்தது.

மாமா என்னை ஒரு முறை பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். யாரோ ஒருவர், "அப்ப நாங்க வந்ததே பொய்யா சார்?" என்று கேட்டது மட்டும் காதில் இருக்கிறது. சைக்கிளில் வீட்டுக்கு வந்தோம். வந்ததும் தகரப் பெட்டியைத் திறந்து, வேட்டிக்கு அடியிலிருந்து ஃப்ளாப்பிப் பெட்டியை எடுத்து என் மடியில் வைத்தார்.

"இந்தா பாப்பா. இத்த நீயே வெச்சிக்க. என் பொட்டில இருக்க வேணாம்."

அவ்வளவுதான். கத்தியிருக்கலாம், ஒரு அறை விட்டிருக்கலாம். சாவி அவரிடம்தான் இருந்தது, அவரே எடுத்துக்கொண்டு லேபர் ஆபீசுக்குப் போயிருக்கலாம். அப்படிப் போனால் என்னைத் திருடி என்று கேட்டில் நிறுத்துவார்கள் என்று அவருக்குத் தெரியும். எனக்குத் தெரிந்த அதே விஷயம் அவருக்கும் தெரிந்திருந்தது, அவர் ஒன்று செய்தார், நான் ஒன்று செய்தேன்.

அடுத்த மாதம் என்னை நிரந்தரம் ஆக்கினார்கள். தை மாதத்துக்குள் பதினான்கு பேரையும் நிறுத்திவிட்டு வேறு கான்ட்ராக்டில் வேறு ஆட்களை எடுத்தார்கள். பெர்மனென்ட் வேலையில் இருக்கிற பெண் என்றுதான் உன் அப்பா வீட்டில் என்னைப் பார்க்க வந்தார்கள். ஆக, நீ பிறந்ததும் அந்த இரண்டு வார்த்தையின் புண்ணியத்தில்தான். மாமா வாலாஜாபாத்தில் அரிசி மில்லில் மூட்டை தூக்கினார். உன் காது குத்தலுக்கு அங்கிருந்துதான் வந்தார், அவர் மடியில்தான் உட்கார்ந்து அழுதாய். இங்கே பெரிய பெரிய கம்பெனிகள் வந்தபோது அவர் முப்பதைத் தாண்டியிருந்தார், ஐடிஐ முடித்த இருபது வயதுப் பையன்களைத்தான் எடுத்தார்கள். இப்போது அறுபதைத் தாண்டி இருங்காட்டுக்கோட்டையில் ஏஜென்சி மூலம் செக்யூரிட்டி. என்ன வேலை தெரியுமா? வெளியே போகிறவர்களின் பையைத் திறந்து பென் டிரைவ் ஏதாவது எடுத்துப் போகிறார்களா என்று பார்க்கிற வேலை. ஒரு தடவை நீ அதைக் கேட்டு, "மாமாவும் நம்ம ஃபீல்டுக்கு வந்துட்டாரு" என்று கிண்டல் செய்தாய். அவரும் சிரித்தார். நான் எழுந்து உள்ளே போனேன். தலைவலி என்று சொன்னேன்.

கல்யாணமான வருடம் ஒரு மதியம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது, அந்தப் பெட்டியை ஆபீசுக்கு எடுத்துப் போய்ப் போட்டுப் பார்த்தேன். சுத்தமாகப் படித்தது. பதினான்கு பெயரும் இருந்தன. ஒன்பதாவது வரியில் ஏழுமலை, நாள் நானூற்று எண்பத்தாறு. ஆறு நாள் அதிகம். கொஞ்சம் குறைவாக இருந்திருக்கக் கூடாதா, காட்டியிருந்தாலும் பிரயோசனம் இல்லை என்று நிம்மதியாக இருந்திருப்பேன் என்று நினைத்தேன். அன்று நான் நினைத்தது அதைத்தான். மற்ற பதின்மூன்று பேரைப் பற்றி ரொம்ப காலம் நினைக்கவே இல்லை. அவர்களில் ஒருவர் ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டில் பழம் விற்றார், நான் எதிர்ப்பக்கமாக நடந்து போவேன்.

இன்னொரு கசப்பையும் சொல்லிவிடுகிறேன், தப்பாக நினைக்காதே. எனக்கு மாமா மேலும் கோபம் உண்டு. இத்தனை வருடத்தில் ஒரு பொங்கலுக்காவது, ஒரு சண்டையிலாவது அவர் அதைச் சொல்லிக் காட்டியிருந்தால் நானும் பதிலுக்கு அழுது தீர்த்திருப்பேன். அவர் கேட்கவே இல்லை. கேட்காமலேயே என்னை இப்படி உட்காரவைத்துவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாய், இதை மட்டும் கேட்டுக்கொள். உன் பெண்டாட்டி உனக்கு ஏதாவது தீங்கு செய்தால் பெருந்தன்மையாகப் பொறுத்துப் போகாதே. அன்றைக்கே கேட்டுவிடு. உரக்கக் கேள். அவள் பதில் சொல்ல ஒரு வழி விடு.

இன்று காலை மாமா போன் செய்தார். பத்திரிகை வந்து சேர்ந்தது என்றார். பிறகு, "ஞாயித்துக்கிழமை தம்பி கூப்ட்டுகீறான் பாப்பா. நான் போவல. டபுள் டூட்டி எழுதிக் குடுத்துட்டேன். நீ கவலப்படாத" என்றார். நான் போனை வைக்கப் போனேன். லைனிலேயே இருந்தவர் மெதுவாகக் கேட்டார்: "அந்தப் பொட்டிய இன்னும் ஏன் வெச்சினுகீற? எப்பவோ தூக்கிப் போட்டிருக்கலாமே." அன்று மடியில் வைத்ததற்குப் பிறகு அந்தப் பெட்டியைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு இதுதான். இப்போதும் எனக்காக டூட்டி எழுதிக் கொடுத்துவிட்டு நிற்கிறார், தம்பி. உன்னிடம் நான் தலை குனியக் கூடாதாம்.

அதனால் நீ ஞாயிற்றுக்கிழமை அதைத் திற. தனியாகத் திற. டிரைவை முதலில் துடைத்துக்கொள். படிக்க முடிந்தால் அந்தப் பதினான்கு பேர் பட்டியலை ஒரே தாளில் அச்சடித்து எனக்கு அனுப்பு. படிக்க முடியாவிட்டாலும் சொல், கையால் எழுதிக்கொள்கிறேன். பெயரும் நாளும் எனக்கு மனப்பாடம். அந்தப் பூஜை லீவு முடிந்து நான் கொடுத்திருக்க வேண்டிய தாள் அது. இன்றைக்கு அதை வைத்துக்கொண்டு எந்த ஆபீசிலும் ஒன்றும் செய்ய முடியாது என்று எனக்கும் தெரியும். கல்யாண மேடையில் அவர் தாய்மாமன் என்று மாலையோடு நிற்பதற்கு முன்னால், அதை எடுத்துக்கொண்டு இருங்காட்டுக்கோட்டைக்குப் போகப்போகிறேன். நீ கூட வராதே. அவர் வீட்டுக்குப் போக மாட்டேன், வீட்டுக்குப் போனால் காபி போட்டுக் கொடுத்துப் பேச்சை மாற்றிவிடுவார். கேட்டுக்குப் போவேன். அங்கே யார் வந்தாலும் அவர் ஒரு நோட்டில் எழுதியாக வேண்டும். பெயர், ஊர், வந்த நேரம், அப்புறம் வந்த காரணம் என்று ஒரு கட்டம். அதை நிரப்புவதற்காகவாவது அவர் என் முகத்தைப் பார்த்து, எதுக்கு வந்த என்று கேட்டுத்தான் ஆக வேண்டும்.

அம்மா